மாற்றியமைத்த பிக்கப்பில் இனம் தெரியாத இன்ஜின் சத்தம்: பிரிப்பதற்கு முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

இன்ஜினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் எல்லாரும் முதலில் கேட்பது "இது என்ன சத்தம்?" என்றுதான். அதற்குப் பதில் தேடி ஒரு நாள் முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "எப்போது வருகிறது, எதைச் செய்தால் போகிறது?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். உயர்த்தி, ஸ்னார்கெல் (இன்ஜினுக்கு மேலிருந்து காற்றை இழுக்கும் குழாய்) வைத்து, சைலன்சர் மாற்றி, ட்யூன் செய்த பிக்கப்பில் இதை மறக்கவே கூடாது. இன்ஜின் நன்றாக இருக்கும்போதே இன்ஜின் போனதுபோலச் சத்தம் போட அந்த வண்டியில் பத்து இடம் இருக்கும்.

கீழே உள்ள வரிசை நாலு சிலிண்டர் காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) டர்போ டீசல், மேனுவல் கியர் பிக்கப்புக்கானது. பொலேரோ, வி-கிராஸ், ஹைலக்ஸ் என எதுவானாலும் வரிசை இதுதான். செலவில்லாத சோதனைகள் முதலில், இன்ஜினைப் பிரிப்பது கடைசியில்.

1. சாவியைத் திருப்புவதற்கு முன்

ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, ஆயில் நன்றாகச் சூடான பிறகு அடிவயிற்றிலிருந்து கனமாக டொக்... டொக்... என்று வந்து ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடினாலோ, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். கட்டி இழுத்து வாருங்கள். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் போயிருந்தால், "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற ஓட்டத்தில் கிராங்க் ஷாஃப்ட்டும் சேர்ந்து போகும்.

மற்றபடி கையில் இருக்க வேண்டியவை: நல்ல டார்ச், நீளமான ஸ்குரூடிரைவர், ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ், வெள்ளை பெயிண்ட் அல்லது சாக்பீஸ், ஸ்பேனர் செட், ஜாக்கி ஸ்டேண்டு இரண்டு, ஒரு ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி), வீடியோ எடுக்க போன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். துண்டு, கழுத்துச் சங்கிலி, தொங்கும் சட்டை மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். சுற்றும் ஃபேன் டார்ச் வெளிச்சத்தில் நிற்பதுபோலத் தெரியலாம்.

கூடவே ஒரு ஆள் வேண்டும். கிளட்ச்சை மெதுவாக விடத் தெரிந்தவராக, சொன்னதை மட்டும் செய்பவராக இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு தாள். வண்டியில் இதுவரை மாற்றியதை எல்லாம், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றியது என்பதோடு எழுதுங்கள். சத்தம் தொடங்கிய கிலோமீட்டரை அதன் கீழே எழுதுங்கள். இரண்டும் அருகருகே வந்தால் எங்கே தொடங்குவது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளை எழுதுவதே இல்லை. போன மாதம் பாஷ் பிளேட் (இன்ஜின் அடியைக் காக்கும் தகடு) போட்டது, அதற்காக ஒரு பிராக்கெட்டை வளைத்தது எல்லாம் நாலாவது மணி நேரத்தில்தான் நினைவுக்கு வரும்.

2. ஆயிலைப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். அளவு குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமும் டைமிங் செயின் சத்தமும் ஆயில் குறைவால் வருவதுண்டு. செயின் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் பிரஷரால் இயங்குகிறது.

அளவு கூடியிருந்தாலும் கோளாறுதான். விரலில் தொட்டு மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. பிஎஸ்6 வண்டிகளில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சுத்திகரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் இப்படி ஆகும். நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) ஒழுகினாலும் ஆகும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குக்குள் போதிய படலமாக நிற்காது.

சத்தத்தை அடக்கக் கனமான ஆயிலை ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. சத்தம் ஒரு வாரம் குறையும், காரணம் உள்ளேயே இருக்கும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும். புத்தகத்தில் உள்ள கிரேடை மட்டும் ஊற்றுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் மீட்டர் மாட்டிப் பாருங்கள். சூடான இன்ஜினில் 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு அளவு சொன்னால் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. சத்தம் வரும் நேரத்தை எழுதுங்கள்

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் முதல் ஸ்டார்ட்டிலிருந்து பதிவு செய்யுங்கள். பட்டறைக்கு ஓட்டி வந்த வண்டியில் இன்ஜின் ஏற்கெனவே சூடாகியிருக்கும். குளிரில் மட்டும் வரும் சத்தம் வழியிலேயே போயிருக்கும். "இங்கே வந்தா மட்டும் வரமாட்டேங்குது" என்று வண்டிக்காரர் தவிப்பது இதனால்தான். வண்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் கேட்பதும் இதற்காகத்தான்.

ஸ்டார்ட் ஆன இரண்டு மூன்று வினாடி முன்பக்கமிருந்து கடகடவென்று வந்து அடங்கினால் டைமிங் செயின் பக்கம் பாருங்கள். குளிரில் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் ஸ்லாப்பாகவோ (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது) எக்ஸாஸ்ட் கசிவாகவோ இருக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் மறைகிறது. சூடான பிறகே தொடங்கினால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடைவெளி வெளியே தெரிகிறது. லோடில் (ஏற்றத்திலோ பாரத்திலோ இழுக்கும்போது) மட்டும் வந்தால் நாலாவது படிக்குப் போங்கள். வண்டியின் வேகத்தோடு மாறி, ஆர்பிஎம்மோடு மாறாமல் இருந்தால் அது இன்ஜினே இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ் (அந்த ஷாஃப்ட்டின் மூட்டு), வீல் பேரிங் என்று பின்னால் போக வேண்டும்.

அடுத்து, எண்ணுங்கள். 750 ஆர்பிஎம் ஐடிலிங்கில் கிராங்க் ஒரு வினாடிக்குப் பன்னிரண்டரை சுற்று சுற்றுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி. காதால் இதை எண்ண முடியாது. போனில் எடுத்த வீடியோவைக் கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டால் எண்ணலாம். கால் வேகத்தில் 10 வினாடிக்கு 15, 16 தட்டு விழுந்தால் அது கேமோடு போகும் சத்தம்: டேப்பட், நாசில், ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவு. 31 வாக்கில் விழுந்தால் கிராங்கோடு போகிறது: கிராங்க் புல்லி, ஃப்ளைவீல். ராட் பேரிங் மட்டும் இரண்டு கணக்கிலும் தட்டக்கூடியது. அதை எண்ணிக்கையால் முடிவு செய்யாதீர்கள்.

4. மாற்றிய பாகங்களை முதலில் சந்தேகியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இங்கே கிடைக்கும் விடைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு வாஷரும் ஒரு மணி நேரமும்தான்.

பாடி லிஃப்ட்டும் சஸ்பென்ஷன் லிஃப்ட்டும் வேறு வேறு. சஸ்பென்ஷனை உயர்த்தினால் சேஸிஸ், இன்ஜின், பாடி மூன்றும் சேர்ந்தே எழும்பும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம்தான் மாறும். பாடி லிஃப்ட்டில் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை கொடுத்து பாடியை மட்டும் தூக்குகிறார்கள். இன்ஜின் பழைய இடத்திலேயே இருக்கும். ரேடியேட்டர் பாடியோடு மேலே போகும். ரேடியேட்டரில் மாட்டிய ஃபேன் கவரின் கீழ் விளிம்பு ஃபேன் இலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு இஞ்ச் தூக்கிய வண்டியில், கவரை இறக்கி மாட்டாமல் விட்டால், குழியில் இறங்கும்போது சர்ர்க் என்று ஒரு உரசல். கவரின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள் (இன்ஜின் அணைந்திருக்க வேண்டும்). பிளாஸ்டிக் சீவிய வரி கையில் தட்டுப்படும்.

பாஷ் பிளேட், இரும்பு பம்பர், வின்ச் பிளேட் எல்லாம் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கித் தரும் தகடுகள். ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பாருங்கள். ஐயம் இருந்தால் பாஷ் பிளேட்டைக் கழற்றி வைத்துவிட்டே ஓட்டிப் பாருங்கள். ஆறு போல்ட் வேலைதான்.

லோடில் மட்டும் வரும் தட்டுக்கு ஒரு சோதனை உண்டு. நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கைபிரேக் போட்டு, கூட இருப்பவரை ஃபுட் பிரேக்கை அழுத்தி இரண்டாவது கியர் போடச் சொல்லுங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளி வரை விட்டு, இரண்டு வினாடியில் மறுபடி அழுத்த வேண்டும். பிறகு ரிவர்ஸ் கியரில் அதையே செய்ய வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. முறுக்கு விசையில் இன்ஜின் ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸில் மறுபக்கம் சாயும். இரண்டு விரல் அகலத்துக்கு எழும்பினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாய்ந்த நொடியில் தட்டு வந்தால், சாயும் வழியில் எதுவோ இடிக்கிறது.

ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரின் வண்டி இப்படித்தான் வந்தது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஏறும்போது கீழிருந்து டொக் டொக் டொக். வேறொரு பட்டறையில் ராட் பேரிங் என்று சொல்லி, இன்ஜின் இறக்க நாள் குறித்துவிட்டார்கள். "ஏறும்போது மட்டும்தாங்ணா வருது. இறங்கும்போது ஒண்ணுமே இல்லைங்க," என்றார். கைக்காசு போய்விடுமோ என்ற கவலையில் அவருக்கு முகமே சரியில்லை. இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் ஒரே ஒரு டொக். ரிவர்ஸில் சத்தமே இல்லை. அடியில் படுத்து டார்ச் அடித்தால், புதிதாகப் போட்ட சைலன்சரின் டவுன் பைப் (டர்போவிலிருந்து கீழே இறங்கும் குழாய்) மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் பளபளவென்று மின்னியது. மற்ற இடமெல்லாம் செம்மண் படிந்து கிடக்க, அந்த ஒரு வட்டம் மட்டும் கண்ணாடி மாதிரி. அதற்கு நேர் மேலே கிராஸ் மெம்பரிலும் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) பெயிண்ட் போன ஒரு தழும்பு. குழாயை வளைத்தவர் வண்டி நிற்கும் நிலையில் இடைவெளி பார்த்திருக்கிறார், இன்ஜின் சாயும் என்பதைக் கணக்கில் வைக்கவில்லை. தொங்கும் பிராக்கெட்டை மாற்றி ஒரு விரல் இடைவெளி கொடுத்ததும் தட்டு நின்றது.

அதனால் அடியில் பார்க்கும்போது உடைசலை மட்டும் தேடாதீர்கள். அழுக்கு வண்டியில் எங்கே மினுங்குகிறது என்று தேடுங்கள். வண்டியைக் கழுவிவிட்டு இந்தச் சோதனைக்கு வரக் கூடாது என்பதும் இதனால்தான்.

5. ட்யூனிங்கைப் பழையபடி ஆக்கிக் கேளுங்கள்

ட்யூனிங் பாக்ஸ் இருந்தால் கழற்றி, கம்பெனி கனெக்டரை நேராக மாட்டுங்கள். ஈசியூவையே (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீமேப் செய்திருந்தால் பழைய மேப்பை ஏற்றச் சொல்லுங்கள். ரெயில் பிரஷரைக் கூட்டினாலோ டீசல் தெளிக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினாலோ எரிப்பு திடீரென்று நடந்து, சல்லி கொட்டுவதுபோலச் சத்தம் வரும். பழைய மேப்பில் அது மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

"சத்தம்தானே, பரவாயில்லை" என்று அதே ட்யூனில் ஓட்ட வேண்டாம். அந்தச் சத்தம் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும் வேகம். அதைத் தாங்குவது பிஸ்டனும் ஹெட் பேக்கிங்கும் ராட் பேரிங்கும்.

6. வெளி பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் கேளுங்கள்

ஆறிய இன்ஜினில் ஆல்டர்னேட்டர், ஏசி ஓட்டும் வெளி பெல்ட்டைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, அதிகபட்சம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அணையுங்கள். வாட்டர் பம்ப் நின்றிருக்கும், அதனால்தான் இந்த அவசரம். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தினால் பிரேக் கல்லாக இருக்கும். நிறுத்திய இடத்திலேயே செய்யுங்கள். உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதைத் தொடவே கூடாது.

சத்தம் போய்விட்டால், ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்று மணல் அரைப்பதுபோல உணர்ந்தால் அந்த பேரிங்தான்.

சத்தம் போகாவிட்டாலும் இந்தப் படியில் ஒன்று பாக்கி இருக்கிறது. கிராங்க் புல்லி பல வண்டிகளில் இரண்டு வளையம், நடுவே ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் அச்சு அசல் ராட் பேரிங் போலவே தட்டும். உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை ஒரு நேர்க்கோடு வெள்ளை பெயிண்ட்டில் போடுங்கள். பெல்ட்டை மாட்டி இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டாக நின்றால் புல்லி வழுக்குகிறது. பெயிண்ட் கோடு போடாமல் இன்ஜினை இறக்கியவர்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

7. ஸ்குரூடிரைவரும் ஹோஸும்

ஸ்குரூடிரைவரின் முனையை உலோகத்தில் ஊன்றி, பிடியை காதருகே எலும்பில் வையுங்கள். சுற்றும் எதன் பக்கத்திலும் வேண்டாம். ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் மேல் காற்றில் நகர்த்துங்கள். ஸ்குரூடிரைவர் உலோகத்தில் ஓடும் சத்தத்தைத் தரும். ஹோஸ் காற்றில் வரும் சத்தத்தைத் தரும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றும் பிடிபடாது.

முதலில் தொட்ட இடத்திலேயே பலமாகக் கேட்டதும் "இதுதான்" என்று எழுந்துவிடாதீர்கள். மேல் கவர் மெல்லிய தகடு, எல்லாமே அங்கே பலமாகத்தான் கேட்கும். முதல் நாசிலில் எங்கே ஊன்றினீர்களோ, மற்ற மூன்றிலும் அதே இடத்தில் ஊன்றி, நான்கையும் ஒப்பிடுங்கள். மூன்று ஒன்றுபோல இருந்து நாலாவது வேறுபட்டால் மட்டும் அது செய்தி.

8. எக்ஸாஸ்ட், காற்றுக் கசிவு

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடிக்கும் ஸ்டட் ஒன்று உடைந்தாலோ, புதிய சைலன்சரின் பேக்கிங் ஒழுங்காக உட்காராவிட்டாலோ, டேப்பட் போலவே டிக் டிக் என்று வரும். இணைப்பைச் சுற்றிக் கரி விசிறியதுபோலக் கறுப்பு இருக்கிறதா பாருங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும், கனமான ஈரச் சாக்கால் சைலன்சர் வாயைச் சில வினாடி அடையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி, கசியும் இடத்தில் சத்தம் பெருகும்.

டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸ் கசிந்தால் லோடில் உஸ்ஸென்று வரும், இழுவை குறையும், கறும்புகை தள்ளும். ஸ்னார்கெல் வைத்த பிறகு டர்போ விசில் கூடுதலாகக் கேட்பது இயல்பு. இழுவை குறையாமல் விசில் மட்டும் கேட்டால் விட்டுவிடுங்கள்.

9. ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது

பழைய பம்ப் டீசல்களில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்துவார்கள். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் வண்டியிலும் ஸ்பேனரை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் இரண்டரை பார். காமன் ரெயிலில் ஐடிலிங்கிலேயே 250 பாருக்கு மேல் இருக்கும், லோடில் 1,600 பாரைத் தொடும். அந்த அழுத்தத்தில் ஊசியாகப் பீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே அழுகும். பட்டால் வலியில்லை என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்கேனரில் சிலிண்டர் நிறுத்தும் சோதனை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, ஒரு நாசிலின் மின் கனெக்டரை மட்டும் கழற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது கழற்றாதீர்கள், அந்தக் கம்பியில் 60 வோல்ட்டுக்கு மேல் பாயும். சில வண்டிகளில் ஒன்றைக் கழற்றினால் ஈசியூ ஜோடி சிலிண்டரையும் நிறுத்திவிடும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டு அடங்கினால் கோளாறு அந்தச் சிலிண்டரில். நாசிலாகவும் இருக்கலாம், ராட் பேரிங்காகவும் இருக்கலாம். பிரித்தறிய, அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு (நாசிலின் குறியீட்டு எண்ணையும் ஸ்கேனரில் மாற்ற வேண்டும், வாஷரும் புதிது வேண்டும்) மறுபடி கேளுங்கள். தட்டு நாசிலோடு இடம் மாறினால் நாசில். பழைய சிலிண்டரிலேயே நின்றால் உள்ளே கோளாறு. எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் மாறவில்லையென்றால், சத்தம் எரிப்போடு தொடர்பில்லாதது. ஆறாவது படியும் பத்தாவது படியும்தான் உங்களுக்கு.

10. கிளட்ச் பக்கம்

நியூட்ரலில் கிளட்ச்சை மிதியுங்கள். மிதித்தால் சத்தம் வருகிறதா, ரிலீஸ் பேரிங். மிதித்தால் போகிறதா, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அணைக்கும்போது ஒரு குலுக்கலோடு கடகடத்தால் ஃப்ளைவீலைப் பாருங்கள். ஃப்ளைவீல் போல்ட் தளர்ந்தாலும் ராட் பேரிங் போலத் தட்டும். இன்ஜினை இறக்குமுன் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டிய இடம் இது.

11. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்

இத்தனைக்குப் பிறகும் தட்டு உள்ளேதான் என்றால், ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை அறுத்து, காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். கிரைண்டரில் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். ஹாக்ஸா பிளேடும் அதையே செய்யும். ஃபில்டர் கட்டர் கிடைத்தால் அதுதான் சரி. கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் என்றால் அறுக்கும் வேலையே இல்லை.

மின்னும் துகள்களின் அருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு: கேம், செயின், பம்ப். ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறத்திலோ மின்னினால் பெரும்பாலும் பேரிங் உலோகம். அப்போது இன்ஜினைப் பிரிப்பது நியாயமான செலவு. முதலில் சேம்பரை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி ராட் பேரிங் கேப்களை மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் இன்ஜினை வண்டியிலேயே வைத்து இதைச் செய்ய முடியும்.

12. சரிசெய்த பிறகு

மூன்றாவது படியில் எந்த நேரத்தில், எந்த இடத்தில் போனை வைத்து எடுத்தீர்களோ, அதே நேரத்தில் அதே இடத்தில் மறுபடி எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். லோடில் வந்த சத்தமென்றால் அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். கழற்றி மாட்டிய மேனிஃபோல்டு நட்டு, பாஷ் பிளேட் போல்ட், பாடி லிஃப்ட் போல்ட் மூன்றையும் 500 கிலோமீட்டர் கழித்து டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் முதலில் எழுதிய அதே தாளில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்.